பாலபாடம் தந்த பெருந்தகை

இலண்டன் மாநகரிலே வாழும் நம் பிள்ளைகளுட் பலர் வாரநாட்களிலே திருச்சபைகளைச் சார்ந்த ஆரம்பப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். வார இறுதியிலே நம் தமிழ்ப் பாடசாலைக்கு வருகின்றனர். ஒரு மார்கழி மாதத்திலே ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். தம் மகன் யேசு பிறப்பு நாடகத்திலே இடையனாக நடித்ததையும், வீட்டிலும் அந்தப் பாடல்களையே பாடித் திரிவதையும் சொன்னார். பிள்ளை நம்மை விட்டு விலகிப் போய்விடுவானோ என்று கவலையோடு வினாவினார். அன்று அவருக்கு நிறைவான விடையொன்றை என்னாற் கூற இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபொழுது, அதற்குரிய விடை யாழ்ப்பாணத்திலே வாழ்ந்த ஒரு பெரியாருடைய வாழ்க்கையிலே இருப்பதை உணர்ந்தேன். அவரே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார்கள். ஒன்பது வயதளவிலே தந்தையை இழந்தார்கள். தந்தையார் எழுதி முடிக்காது விட்டுச் சென்ற நாடகத்தைச் சிறுவராகிய அவரே பாடி முடித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. இருபாலைச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார்கள். ஆங்கிலம் கற்பதற்கோ, யாழ்ப்பாணத்திலிருந்த வெசுலியன் மிஷன் பாடசாலைக்குச் சென்றார்கள். பிற்காலத்திலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வளர்ந்தது அப்பாடசாலையே.

அங்கே அதிபராயிருந்த பேர்சிவல் பாதிரியார் இவருடைய திறமையைக் கண்டு, இருபது வயதளவிலே இவரை ஆசிரியராக்கினார். விவிலிய நூலைத் தமிழிலே பெயர்க்கும் பணியிலும் துணைக்கொண்டார். சைவ ஒழுக்கத்திற் சிறிதும் வழுவாத இளைஞர் ஒருவர், கிறித்தவ வேதத்துக்கு நல்ல தமிழ் நடை அமையப் பல்லாண்டு உழைத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பிறர் பாடசாலையிற் பயின்றதும், பிறர் நூலைக் கற்றுத் தெளிந்ததும் அவரைத் தம் நெறியிலிருந்து அகற்றவில்லை.

அக்காலத்துப் பாடசாலைகள்

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினறியைத் தொடங்கினர். மானிப்பாயிலே அச்சியந்திரம் நிறுவினர். ஊர்தோறும் பாடசாலைகள் எழுந்தன. அவற்றால் நம் மண்ணுக்கு விளைந்த நன்மை பெரிது. வகுப்புப் பிரித்தல், நேர ஒழுங்கு, அச்சிட்ட புத்தகம், கணிதம், பூகோளம், வானசாத்திரம் ஆகியவை அவ்வழியாகவே பெருக வந்தன.

ஆயினும் அப்பாடசாலைகளிலே சமயம் தனியே ஒரு பாடமாக மட்டும் நிற்கவில்லை. வாசிப்புப் புத்தகத்திலுள்ள கதையும், காலையிற் பாடும் பாட்டும், வினாவிடையும், பரிசாகக் கொடுக்கும் புத்தகமும் ஒரே நெறியைப் போதித்தன. மறுபுறத்திலே நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் மணலிலே எழுத்துப் பழகி, ஓலையிலுள்ள செய்யுட்களை மனனம் செய்தனர். பல பிள்ளைகள் பொருளறியாமலே ஒப்புவித்தனர். ஆகவே, நல்ல கல்வி விரும்பிய சைவப் பெற்றார் கல்வியோடு பிற சமயத்தையும் சேர்த்தே பெறவேண்டியிருந்தது. நாவலர் அவர்கள் ஆசிரியராக உள்ளேயிருந்து இதனை நாள்தோறும் கண்டார்கள்.

1847ஆம் ஆண்டு மார்கழி மாத இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே மிஷன் பாடசாலைப் பதவியைத் துறந்தார். கூடிய சம்பளம் தருவதாகப் பாதிரியார் கூறியும் அவர் தங்கவில்லை என்பர். அந்த 1848ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. இல்லறத்தை அவர் இறுதிவரை மேற்கொள்ளவில்லை.

பிடியரிசியில் வளர்ந்த கல்வி

அப்பாடசாலைக்குப் பல ஆண்டுகள் அரசாங்கத்தின் உதவிப்பணம் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே கற்பித்தனர். இல்லத்தரசிகள் நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அப்பிடியரிசி பாடசாலைக்குத் துணையாயிற்று. பெருஞ்செல்வர் ஒருவருடைய கொடையை மட்டும் நம்பி நில்லாது, பல அடுப்பங்கரைகளின் சிறு கொடையிலே நின்றமையால் அது ஊராருடைய பாடசாலையாயிற்று.

கட்டடம் அமைந்தது, ஆசிரியரும் அமைந்தனர். ஆனாற் பிள்ளைகள் கையிற் கொடுக்கத் தக்க புத்தகம் இருக்கவில்லை. 1849ஆம் ஆண்டு நாவலர் அவர்கள் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் சென்றார்கள். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பட்டத்தோடும் அச்சியந்திரத்தோடும் மீண்டு, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்கள்.

பாலபாடமும் பிற பாடங்களும்

1850ஆம் ஆண்டு முதலாகப் பாலபாடங்கள் வெளிவரலாயின. எழுத்தும் சொல்லும் சிறு வாக்கியமும் முதலில் வரும். பின்னர் நீண்ட வாக்கியங்களும் கதைகளும் வரும். நான்காம் புத்தகத்தை அடையும் மாணவன் கட்டுரைகளையே வாசிப்பான். கடவுள், ஆன்மா என்பவற்றோடு கொலை, களவு, கள்ளுண்ணல், பொய், கோபம், செய்ந்நன்றியறிதல், கல்வி முதலியனவும் அங்கே பாடங்களாயின. வாசிக்கப் பழகும் பிள்ளை அதே வேளையில் வாழவும் பழகுதல் வேண்டும் என்பதே அந்நூல்களின் நோக்கம்.

மொழிப்பாடத்திலே அவர் செய்த மாற்றம் மிகப் பெரிது. முற்காலத்து நூல்களிற் சொற்கள் புணர்ந்து நீண்டு கிடக்கும். நாவலர் அவர்கள் கற்போருக்கு எளிதாகும்வண்ணம் சொற்களைப் பிரித்தும், காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டும் அச்சிட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் தமிழை மூச்சுவிட்டு நிறுத்தி வாசிப்பதற்கு அவரும் ஒரு காரணர். இலக்கணத்துக்கு இலக்கணச் சுருக்கமும், இலக்கியத்துக்குப் பெரியபுராண வசனமும், சமயத்துக்குச் சைவ வினாவிடையும் தந்தார்கள். வினாவும் விடையுமாகச் சமயம் கற்பித்தல் மிஷன் பாடசாலைகளிலே கையாளப்பட்ட முறை. நல்ல முறை எங்கிருந்தாலும் அதனைக் கொள்ளுதற்கு அவர் நாணவில்லை.

கணக்கு, பூகோளம், வேளாண்மை, வாணிகம் முதலிய உலகியல் அறிவும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. திருநீறு அணிந்த பிள்ளைக்குக் கணக்குத் தெரியாவிட்டால் அக்கல்வி குறையுடையதே என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

நிறைவேறாதனவும் குறைகளும்

பெரியோர் வாழ்க்கையைக் கூறும்பொழுது குறைகளை மறைத்தல் மாணவருக்கு நாம் செய்யும் நன்மையன்று. ஆங்கிலமும் சைவமும் ஒருங்கே கற்பிக்க 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய பாடசாலை, பணமின்மையாற் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. அது பெற்றாரும் ஊராரும் கைகொடுக்கத் தவறிய கதையாகும்.

மற்றொரு குறை அவரையும் அக்காலச் சமூகத்தையும் சார்ந்தது. நாவலர் அவர்கள் சாதிக் கட்டுப்பாட்டை ஏற்றே எழுதினார்கள். ஒடுக்கப்பட்ட குடிகளிற் பிறந்த பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைகளின் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. அவர்களுட் பலருக்கு எழுத்தறிவித்தவை மிஷன் பாடசாலைகளே. நான் ஊரில் ஆசிரியனாயிருந்த காலத்திலும் அவ்வடு முற்றும் மறைந்திருக்கவில்லை. நாவலரைப் போற்றும் நாம் இதனை அறிந்தே போற்றுதல் வேண்டும். அவர் திறந்த கதவை அவரினும் அகலத் திறந்து வைப்பதே நமது கடமை.

இறுதிக் காலம்

1876, 1877ஆம் ஆண்டுகளிலே பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. அப்பொழுது நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோருக்கு உணவளித்தார்கள். பாலபாடத்திலே எழுதிய அறத்தை வீதியிலே செய்து காட்டினார்கள்.

1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்த அவர், 1879ஆம் ஆண்டு மார்கழி மாதம் 5ஆம் திகதி சிவபதம் அடைந்தார்கள். பணமின்றி மூடப்பட்ட ஆங்கிலப் பாடசாலையின் கனவு மடியவில்லை. 1890ஆம் ஆண்டு முதல் வண்ணார்பண்ணையிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி விளங்கி வருகின்றது.

நமக்குரிய பாடம்

இந்நாட்டிலே 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சமய பாடத்தையும் கூட்டு வழிபாட்டையும் பாடசாலைகளின் கடமையாக்கியது. ஆங்கிலேயர் தம் பிள்ளைகளின் கல்வியிலிருந்து தம் நெறியைப் பிரித்து வைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஹரோ நகரிலே அரசாங்க நிதியோடு கிருஷ்ண அவந்தி என்னும் இந்து ஆரம்பப் பாடசாலையும் திறக்கப்பட்டது. வழிகள் உள்ளன, நடப்பார்தான் வேண்டும்.

பெற்றார்களே, இடையனாக நடித்த பிள்ளையைக் கடியாதீர்கள். அவன் நன்றாக நடிக்கட்டும், நன்றாகப் பாடட்டும். நாவலர் அவர்களும் பிறர் பாடசாலையிற் பயின்றவரே. ஆனால் அவருக்கு மிஷன் பாடசாலைக்கு முன்பே வீட்டிலே தமிழ் இருந்தது, கோயில் இருந்தது, மாலையிற் சென்று கற்கப் புலவர் இருந்தனர். பிறர் வீட்டில் விருந்துண்பதனால் எந்தப் பிள்ளையும் நம்மை மறப்பதில்லை. தன் வீட்டில் அடுப்பு எரியாதபொழுதுதான் மறக்கின்றது. அந்தத் தந்தையாருக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.

மாணவச் செல்வங்களே, நீங்கள் வார இறுதியிலே நித்திரையையும் விளையாட்டையும் விட்டு இங்கே வருகின்றீர்கள். உங்களை அழைத்து வந்து, குளிரிலே வாசலிற் காத்திருக்கும் தாய்தந்தையரின் அந்தச் சில மணி நேரமே இக்காலத்துப் பிடியரிசி. அதனை வீணாக்காது கற்பீர்களாக.