தாத்தா பெட்டியில் இருக்கும் காசு எந்தக் காலத்தது? 1835-ல் விழுந்த கோடும் ஜேம்ஸ் பிரின்செப்பும்

குரங்கணி பக்கம் ஏதோ ஒரு பழைய வீட்டில் ட்ரங்குப் பெட்டியைக் கிளறும்போது, ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு ஒண்ணு கையில சிக்குதுன்னு வைங்க. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா சேர்த்து வைத்ததாக இருக்கலாம். அதைப் போடியிலோ தேனியிலோ நாணயம் சேகரிக்கும் ஒருவரிடம் காட்டினால், அவர் முதலில் தேடுவது ஆண்டைத்தான். 1835-க்கு முன்னாடியா, பின்னாடியா?

இந்தியாவின் நவீன நாணயக் காலம் அங்கிருந்துதான் தொடங்குது. அந்த மாற்றத்துக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர், 40 வயதிலேயே இறந்துபோன ஜேம்ஸ் பிரின்செப்.

யார் இந்த பிரின்செப்?

1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டடக்கலை நிபுணர் ஆகத்தான் ஆசை. ஆனால், கண் பிரச்னை குறுக்கே வந்தது. தங்கம், வெள்ளியின் தரம் பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டு 1819-ல் கல்கத்தா நாணயச்சாலைக்கு வந்தார். அடுத்த ஆண்டே காசிக்கு மாற்றல். 1830-ல் காசி நாணயச்சாலை மூடப்பட்டதும் மறுபடியும் கல்கத்தா. ஒரு கிரெயினில் 3,000-ல் ஒரு பங்கு எடையைக்கூடக் காட்டும் தராசை உருவாக்கிய ஆள் இவர்.

அப்போ என்ன குழப்பம்?

அன்றைக்கு ரூபாய் என்பது ஒரே காசு இல்லை. கல்கத்தாவின் சிக்கா ரூபாய் ஒரு எடை, பரூக்காபாத் ரூபாய் வேறு எடை. சென்னை மாகாணத்திலோ 1818 வரை வராகன், பணம், காசு என்று தனிக் கணக்கு. காசு மாற்றித் தரும் சராப் அதை எடைபோட்டு, தேய்மானத்துக்கு வட்டம் பிடித்துக்கொள்வார். நஷ்டம் காசு கொண்டுபோனவருக்குத்தான்.

1833-ல் எடை, அளவுகளைச் சீராக்க வேண்டும், எல்லா இடத்துக்கும் ஒரே ரூபாய் வேண்டும் என்று பிரின்செப் வலியுறுத்தினார். அதற்கு அடிப்படை 180 கிரெயின் எடை. சென்னை ரூபாய் 1818-லேயே இந்த எடைக்கு வந்துவிட்டது!

1835-ல் சட்டம் வந்தது. செப்டம்பர் 1 முதல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுக்க 11.66 கிராமில் ஒரே ரூபாய். முகலாயப் பேரரசர் ஷா ஆலம் பெயர் போய், நான்காம் வில்லியம் தலை வந்தது. எடைபோட வேண்டாம், எண்ணினாலே போதும். நவீனம் என்பது அவ்ளோதான்.

சேகரிப்பாளர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்?

• 1835 முதல்: கம்பெனி காலம். வில்லியம், பிறகு 1840 என்று ஆண்டு போட்ட விக்டோரியா காசுகள்.

• 1862 முதல்: பிரிட்டிஷ் முடியாட்சிக் காலம். கம்பெனி பெயருக்குப் பதில் இந்தியா. 1877 முதல் விக்டோரியா, ராணி அல்ல, பேரரசி. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருந்த யானைச் சின்னம் பன்றி மாதிரி தெரிந்து சர்ச்சையாக, அடுத்த ஆண்டே வடிவம் மாறியது. அதற்கு இன்றும் தனி மவுசு. 1940-ல் ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியானது.

• 1950 முதல்: குடியரசுக் காலம். ராஜா தலை போனது, ஆனால் அணா கணக்கு தொடர்ந்தது.

• 1957 ஏப்ரல் 1 முதல்: ரூபாய்க்கு 100 நயா பைசா.

காசிலிருந்து கல்வெட்டுக்கு

பிரின்செப்புக்குக் காசின் எடையை விட அதில் இருந்த எழுத்துமேல்தான் மோகம். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்து உள்ள பழைய காசுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சாஞ்சி கல்வெட்டுகளை ஆராய்ந்து 1837-ல் பிராமி எழுத்துகளைப் படித்துக் காட்டினார். பல நூற்றாண்டுகளாக யாராலும் படிக்க முடியாமல் நின்ற அசோகரின் கல்வெட்டுகள் பேசத் தொடங்கின.

ஓயாத உழைப்பு உடம்பைச் சாய்த்தது. 1838-ல் நோயோடு கப்பல் ஏறியவர், 1840 ஏப்ரல் 22 அன்று லண்டனில் இறந்தார். சரியாக 110 ஆண்டுகள் கழித்து, குடியரசின் முதல் காசுகளில் பிரிட்டிஷ் ராஜா இருந்த இடத்துக்கு வந்தது அசோகரின் சிங்கத் தூண்.

ஆக, பெட்டியில் பழைய காசு கிடைச்சா பளபளப்பாக்கணும்னு புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. தேய்த்த காசுக்கு சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைவு. முதலில் ஆண்டைப் பாருங்கள். அது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.