கந்தையிற் பிறந்த கடதாசி

சீனத்தின் தென்பகுதியிற் பிறந்த சாய் லுன், கி. பி. 75ஆம் ஆண்டளவில் ஹான் மன்னரின் அரண்மனையில் அண்ணகராகப் பணிபுரியப் புகுந்தார். நாளடைவில், அரசர்க்குரிய படைக்கலங்களும் கருவிகளும் ஆக்கும் பணிமனைக்குத் தலைவரானார்.

அக்காலத்தில் எழுதுதற்குரிய மூங்கிற்கீற்றோ பாரமானது. பட்டோ விலை மிக்கது. சாய் லுன் மரப்பட்டை, சணல்நார், கந்தற்றுணி, பழைய மீன்வலை ஆகியவற்றை நீரில் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையிற் படியச்செய்து உலர்த்திக் கடதாசி ஆக்கினார். 105இல் மன்னரின் பாராட்டைப் பெற்றார். அவர்க்கு முன்னரும் பரும்படியான கடதாசி இருந்ததென அகழ்வாய்வு காட்டும். அதனைச் செம்மைசெய்து பரவச்செய்தமையே அவர் பெருமை.

114இல் பிரபுப் பட்டமும் எய்தினார். ஆயின், முன்னொருகால் பட்டத்தரசியின் ஏவலால், சொங் என்னும் அரசமாதின்மேற் பொய்ப்பழி சுமத்தத் துணைநின்றார். அம்மாது உயிர் துறந்தாள். 121இல் அவள் பேரன் ஆட்சியைத் தன் கைக்கொண்டதும், சாய் லுன் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவரோ நீராடி, நல்லாடை புனைந்து, நஞ்சுண்டு மாண்டார்.

பழி அவர் வாழ்வை முடித்தது; தொழிலோ நிலைத்தது. இன்று பழங்கடதாசியை ஊறவைத்து அரைத்து, வீட்டிலே புதுத்தாள் வார்க்கும் மாணவரும் அவர் கண்ட நெறியிலேயே செல்கின்றனர்.