ஒரு சோறு பதம் பார்த்த பேராசிரியர்

கேம்பிரிட்ஜ் நகரில் கடுங்குளிர். சென்னையிலிருந்து 1914-ஆம் ஆண்டு அங்கு சென்ற கணித மேதை ராமானுஜன், இரவில் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டு, கட்டிலில் நடுங்கியபடி படுத்திருப்பார். அவரைக் காண வந்த கல்கத்தா மாணவர் ஒருவர் படுக்கையைப் புரட்டிப் பார்த்தார். கம்பளிகள் அடியில் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து உறங்க வேண்டும் என்பது நம் மேதைக்குத் தெரிந்திருக்கவில்லை!

அந்த மாணவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். எதையும் நேரில் பார்த்தறியும் அந்தக் குணமே பிற்காலத்தில் நாட்டுக்குப் பெரும் பயன் தந்தது.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பௌதிகம் படித்துவிட்டு 1915-ல் தாயகம் திரும்பும்போது, புள்ளிவிவர இயல் பற்றிய சஞ்சிகையின் தொகுதிகளைக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். மனமோ எண்களில் லயித்தது. 1931-ல் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தைத் தொடங்கினார். கல்லூரியில் அவரது அறையே அதன் அலுவலகம். முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய்!

வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிடும் பொறுப்பு 1937-ல் அவரிடம் வந்தது. எல்லா வயல்களையும் அளக்க ஆளும் பணமும் ஏராளமாக வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? குலுக்கல் முறையில் சில நிலங்களைத் தேர்ந்து அளக்கச் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு கணக்கையும் ஒப்பிட்டுத் தவறுகளைக் கண்டுபிடித்தார்.

அவரது திறமைக்குப் பெரும் சோதனை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டனர். அடி யார் மேல் விழுந்தது? இதை அறிய அவரும் சகாக்களும் மாதிரி ஆய்வு ஒன்றை நடத்தினர். 386 கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்தனர்.

இத்தகைய ஆய்வு, ஒரு காலத்தில் எடுத்த புகைப்படம் போன்றது. வறுமையும் நோயும் ஒரே வீட்டில் இருப்பதை அது காட்டும். எது முதலில் வந்தது என்று காட்டாது. அதனால்தான் இன்றைய நிலையை மட்டும் கேட்காமல், பஞ்சத்துக்கு முன் என்ன தொழில், எவ்வளவு நிலம் என்றும் கேட்டார்கள். விடை தெளிவாக வந்தது. சொந்த நிலம் உள்ளவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தனர். விவசாயக் கூலிகள், மீனவர்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள் போன்ற அன்றாடம் காய்ச்சிகளே அதிகம் நொடித்துப் போயினர்.

இதிலும் ஒரு குறை உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடு பதில் சொல்லாது. குடும்பம் முழுவதும் மாண்டவர்களும், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றவர்களும் கிராமத்துக் கணக்கில் வருவதில்லை. கல்கத்தா வீதிகளில் தஞ்சம் புகுந்தவர்களைக் கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியலார் தனியே விசாரிக்க வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இதன் அருமை புரியும்.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய நேருவின் அரசு விரும்பியது. மகலனோபிஸ் யோசனையின்படி 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்களைத் தேர்ந்து முதற்சுற்றை நடத்தினர். பின்னர் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதிலும் அவர் முன்னின்றார். 1968-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் காலமானார். 2007 முதல் ஜூன் 29 புள்ளிவிவர தினமாகக் கொண்டாடப்படுகிறது.

குடும்பச் செலவும் நோய்நொடியும் விசாரிக்க யாரேனும் படிவத்துடன் நம் வாசலுக்கு வரலாம். வந்தவரின் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்வோம். நம் ஒரு வீட்டின் பதில், விசாரிக்கப்படாத பல நூறு வீடுகளுக்காகவும் பேசுகிறது.