பந்தும் மருந்தும்

விளையாட்டில் மனம் வைப்பவனுக்குப் படிப்பு ஏறாது என்பது என் தந்தையாரின் துணிபு. கல்லூரிக் கால்பந்துக் குழுவில் எனக்கு இடம் கிடைத்த அன்று அவர் மகிழவில்லை. அன்றிரவு நான் அவருக்குச் சொன்னது டாக்டர் தலிமெரன் ஆவோவின் வரலாறு. நண்பர்களுக்கும் அதனையே சொல்ல விழைகிறேன்.

அந்நாளைய அஸ்ஸாமின் நாகா குன்றுகளில், சாங்கி என்னும் சிற்றூரில், 1918 ஜனவரி 28ஆம் நாள் ஆவோ பிறந்தார். தந்தையார் கிறித்தவப் போதகர். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. 1935இல் டைபாய்டு காய்ச்சல் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆசை மட்டும் மகனிடம் தங்கிற்று.

கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஆவோ பந்தாட்டத்தில் பெயர் பெற்றார். பின்னர் கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மாணவரானார். அவர் திறமையறிந்து மோகன் பகான் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எதிரணியினர் கடக்க அஞ்சும் தடுப்பாட்டக்காரராக விளங்கி, அவ்வணியின் தலைவராகவும் ஆனார்.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயம் வந்தது. விடுதலை பெற்ற பாரதம் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவர் இந்த மருத்துவ மாணவரே! ஜூலை 31ஆம் நாள் அவர் தலைமையில் நம்மவர் பிரான்சை எதிர்த்தனர். பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. கடைசி நேரத்தில் பிரான்சு 2–1 என வென்றது.

தாயகம் திரும்பிய ஆவோ மீண்டும் பாடநூலைக் கையிலெடுத்தார். 1950இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். புகழளித்த கல்கத்தாவிலேயே தங்கிவிடாமல், முதலில் திப்ருகர் மருத்துவமனையிலும், 1953 முதல் கோஹிமா அரசு மருத்துவமனையிலும் பணியாற்றினார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். காய்ச்சலில் தந்தையை இழந்த சிறுவன், ஒரு மாநிலத்தின் உடல்நலத்தையே காக்கும் பொறுப்பில் அமர்ந்தான்! 1998இல் அவர் மறைந்தார். 2018இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியாயிற்று.

என் தந்தையார் கொடியைப் பற்றியோ கோலைப் பற்றியோ கேட்கவில்லை. அவர் கடைசியில் தேறினாரா என்று மட்டும் கேட்டார். தேறினார் என்றேன். அன்று முதல் மாலையில் நான் மைதானத்துக்குப் போவதை அவர் தடுப்பதில்லை. தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் வாசலில் காத்திருக்கிறார். அந்த வாசலை நினைத்தே இரவில் புத்தகத்தைத் திறக்கிறேன்.