காசு வாங்கி உயிர் காத்தவர், அதனாலேயே ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தவர்: லைஃப்கார்டு ஜார்ஜ் ஃப்ரீத் யார்?

மே மாதம் பிறந்தால் போதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்கள் களைகட்டிவிடும். பசங்க கூட்டம், பந்து, சத்தம். குளத்து ஓரத்தில் கழுத்தில் விசிலோடு ஒருவர் நிற்பார். பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். சும்மா நிற்க ஒரு ஆளுக்குச் சம்பளமா என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேள்வி வருவதும் உண்டு.

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தன் வாழ்க்கையால் பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பெயர் ஜார்ஜ் ஃப்ரீத். அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைப் பார்த்த முதல் தலைமுறை லைஃப்கார்டுகளில் முக்கியமானவர்.

யார் இந்த ஃப்ரீத்?

1883 நவம்பர் 8 அன்று ஹவாய் தீவுகளில் பிறந்தவர். அப்போது ஹவாய் அமெரிக்காவின் மாநிலம் கிடையாது, தனி ராஜ்ஜியம். அப்பா ஐரோப்பிய வம்சாவளி, அம்மா வழியில் ஹவாய் பூர்வகுடி ரத்தம். ஹோனலூலுவின் வைக்கிகி கடற்கரைதான் அவருக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. நீச்சல், டைவிங் எல்லாம் அத்துப்படி. பலகையில் நின்றபடி அலை மேல் சறுக்கும் ஹவாய்க்காரர்களின் பாரம்பரிய விளையாட்டு அந்தக் காலத்தில் மங்கிக்கொண்டிருந்தது. அதை மீண்டும் தூக்கி நிறுத்தியவர்களில் இவரும் ஒருவர்.

1907ல் பிரபல எழுத்தாளர் ஜாக் லண்டன் வைக்கிகிக்கு வந்தார். ஃப்ரீத் அலை மேல் நின்று வருவதைப் பார்த்து அசந்துபோய், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். அதே வருஷம் 23 வயது ஃப்ரீத் கலிஃபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே என்ன வேலை?

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடற்கரைகளில் அப்போது ரியல் எஸ்டேட் சூடுபிடித்திருந்தது. வெனிஸ் என்ற இடத்தில் மனை விற்றவர்களுக்கும், ரெடோண்டோ கடற்கரைக்கு ரயில் விட்ட தொழிலதிபர் ஹென்றி ஹண்டிங்டனுக்கும் ஒரே தேவைதான்: கூட்டம் வரணும். தண்ணீர் மேல் நடக்கும் மனிதர் என்று விளம்பரம் செய்து ஃப்ரீத்தின் சாகசத்தைக் காட்டினார்கள். கூட்டம் வந்தது.

ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நீச்சல் தெரியாது. போதாக்குறைக்குக் குளிக்கும்போது போடுவது கம்பளி உடை. நனைந்தால் கல்லு மாதிரி கனக்கும். வேடிக்கை காட்ட வந்த ஃப்ரீத்துக்கு உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

அதுவரை எப்படிக் காப்பாற்றினார்கள்?

யாராவது தத்தளித்தால் கரையிலிருந்து துடுப்புப் படகைத் தள்ளிக்கொண்டு போவார்கள், அல்லது கயிறு வீசுவார்கள். படகு அலையைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பல நேரம் எல்லாம் முடிந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரே நேராகத் தண்ணீரில் இறங்கி, மூழ்குபவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது ஃப்ரீத்தின் முறை. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த யோசனை அன்று புதுசு. இதற்காக இளைஞர்களுக்கு நீச்சலும் மீட்புப் பயிற்சியும் கொடுத்தார். மீட்புச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கடற்கரையில் வேகமாகப் போக மூன்று சக்கர மோட்டார் சைக்கிளையும் பயன்படுத்தினார்.

1908 டிசம்பர் 16 அன்று என்ன நடந்தது?

வெனிஸ் கடற்கரையில் புயல். ஜப்பானிய மீனவர்களின் படகுகள் கரைக்கு வர முடியாமல் அலையில் மாட்டிக்கொண்டன. குளிர்காலக் கடல், உறைய வைக்கும் தண்ணீர். ஃப்ரீத் குதித்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை நீந்திப் போனார். அவர் மட்டும் ஏழு பேரைக் காப்பாற்றினார். மீட்புக் குழுவோடு சேர்த்து மொத்தம் 11 பேர் உயிர் பிழைத்தார்கள்.

இதற்காக உயிர்காப்புக்கான தங்கப் பதக்கத்தை அமெரிக்க அரசு அவருக்குக் கொடுத்தது. பிழைத்து வந்த மீனவர்களோ தாங்கள் வாழ்ந்த குடியிருப்புக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

வேலையே தடையானது எப்படி?

1909ல் ரெடோண்டோவில் வெந்நீர் நிரப்பிய பிரம்மாண்டமான உப்புநீர் நீச்சல் குளம் திறக்கப்பட்டது. ஃப்ரீத் அங்கே லைஃப்கார்டு, நீச்சல் பயிற்சியாளர் என இரண்டு வேலையும் பார்த்தார். வாட்டர் போலோவும் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைக் கண்டு பயந்த குழந்தைகள் அவரிடம் நீச்சல் வீரர்களாக மாறினார்கள்.

1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். ஃப்ரீத் வளர்ந்த அதே வைக்கிகி கடற்கரையைச் சேர்ந்த டியூக் கஹானாமோகு 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்று உலகப் புகழ் அடைந்தார். ஃப்ரீத்தால் போட்டியிடவே முடியவில்லை. காரணம், அன்றைய அமெச்சூர் விதி.

அது என்ன விதி? விளையாட்டால் காசு சம்பாதிப்பவர்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது. அந்த ஒலிம்பிக்கிலேயே இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், முன்பு சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியது தெரியவந்ததால் அடுத்த வருஷமே பதக்கங்களைப் பறிகொடுத்தார். நீச்சல் கற்றுக்கொடுப்பதும், குளத்தில் உயிர் காப்பதும்கூட இந்த விதிப்படி தொழில்தான். வசதியான வீட்டுப் பையன் பொழுதுபோக்காக நீந்தினால் அமெச்சூர். வயிற்றுப்பாட்டுக்கு லைஃப்கார்டு வேலை பார்ப்பவர் தகுதி இழந்தவர். ஃப்ரீத் வேலையைத் தொடர்ந்தார். அவரிடம் பழகிய ரெடோண்டோ பையன் லூடி லாங்கர், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெள்ளி வென்றார். அதைப் பார்க்க ஃப்ரீத் உயிரோடு இல்லை.

கடைசிக் காலம்

பின்னாளில் ஃப்ரீத் தெற்கே சான் டியாகோ நகருக்கு இடம் மாறினார். 1918 மே 5 அன்று அந்த நகரின் ஓஷன் பீச்சில் கடலின் இழுவை நீரோட்டத்தில் சிக்கி ஒரே நாளில் 13 பேர் இறந்தார்கள். ஊரே அதிர்ந்துபோனது. இதற்குப் பிறகுதான் அந்தக் கடற்கரைக்கு ஃப்ரீத் லைஃப்கார்டாக நியமிக்கப்பட்டார்.

மறு வருஷம் உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் அவரையும் பிடித்தது. 1919 ஏப்ரல் 7 அன்று இறந்தார். வயது 35 மட்டுமே. கடல் அடிக்காத உடம்பைக் காய்ச்சல் அடித்துப் போட்டது. அஸ்தி ஹோனலூலுவுக்குக் கொண்டுபோகப்பட்டது. சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. ரெடோண்டோவில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்ததெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நம்ம வீடுகளிலோ இன்னமும் தண்ணியில கண்டம் என்று ஜாதகத்தைக் காட்டிப் பேசி முடித்துவிடுகிறோம். செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர் என்று ஏரிகள் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்துகொண்டே நீச்சல் தெரியாமல் வளர்கிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று. மூழ்குபவர்கள் சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்துவது அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூப்பிட இருக்காது. சுற்றிலும் பத்து பேர் விளையாடும்போதே ஒரு குழந்தை சத்தமில்லாமல் உள்ளே போய்விடலாம். அதைக் கவனிப்பதற்கென்றே ஒரு ஜோடிக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கு உரியவரையே குளோரின் போடவும், கேட்டைத் திறந்துவிடவும், டிக்கெட் கிழிக்கவும் அனுப்பினால் அந்த நேரத்தில் குளத்தில் காவல் இல்லை என்றுதான் அர்த்தம்.

லைஃப்கார்டின் வேலை சரியாக நடந்தால் வெளியே தெரிய எதுவுமே இருக்காது. குழந்தைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறத்தை அல்ல, ஓரத்தில் அந்த விசில்காரர் இருக்கிறாரா என்பதைத்தான்.