புடைவை மூட்டையுடன் தோட்டம் புகுந்தவர்

குண்டசாலை என்றதும் சரித்திரம் பயின்ற மாணவர்க்கு நினைவில் எழுவது ஓர் அரண்மனை. கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் கரையில், 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் தனக்கென ஒரு மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் அது. மதுரை நாட்டு இளவரசியரை மணந்தவன் அவன். அவனுக்குப் பின் கண்டியின் முடி நாயக்க வமிசத்தாரிடம் சென்றது. இப்படித் தமிழ்ப் பெண்டிர் அரசியராய் அடியெடுத்து வைத்த தும்பறைப் பள்ளத்தாக்கிலே, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் வேறு வகைத் தமிழ்ப் பெண்டிர் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குப் பல்லக்கு இல்லை, பரிவாரமும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பலிகொடுத்து, எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். கோப்பி அழிந்தது, தேயிலையும் கொக்கோவும் தழைத்தன. அவர்கள் வாழ்ந்த லயம் மட்டும் மாறவில்லை.

இந்த மக்களின் வாழ்வில் முதன்முதலாக வெளியுலகக் காற்றைப் புகவிட்டவர் கோ. நடேசய்யர். அவர் பெயரை நம் மாணவர் அறிவர். வாழ்வை அறிந்தவர் சிலரே.

1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திலே பிறந்தவர் நடேசய்யர். வர்த்தகக் கல்வியில் தேர்ச்சி பெற்றவர். தஞ்சையிலே வர்த்தகம் பற்றிய பத்திரிகை நடத்தியவர். கொழும்பிலிருந்த இந்திய வியாபாரிகளோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டதும் இத்துறையினாலேயே. அக்காலத்தில் கடல் கடந்து வந்த படித்த தமிழர் பலர்க்கு இலங்கை என்பது கொழும்புச் செட்டியார் தெருவோடு முடிந்துவிடும். கணக்கெழுதலாம், கடை வைக்கலாம், பொருள் சேர்த்து ஊர் திரும்பலாம். ஐயர் விருந்தினராக வந்தபோது, மலைநாட்டிலே தம் ஊரார் எப்படி வாழ்கின்றனர் என்று காண விழைந்தார். காண முடியவில்லை. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்துள் கால் வைத்தல் ஆகாது. உறவினர் வந்தாலும் இதே விதிதான். பத்திரிகைக்காரன் என்றால் கேட்கவே வேண்டா.

ஆனால் ஒருவர்க்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருந்தது. அவர் புடைவை வியாபாரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி வேண்டும். தோட்டத்தைவிட்டு எளிதில் வெளியேற முடியாத மக்களுக்குத் துணி வீடு தேடி வந்தாக வேண்டும். ஐயர் புடைவை மூட்டையைச் சுமந்து வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயத்து வாசல்களில் அமர்ந்து மூட்டையை அவிழ்த்தார், விலை பேசினார், அதனோடு வாழ்க்கையையும் விசாரித்தார். எழுத வந்தவர் எழுதப்படுவோரின் வாசலில் போய் உட்கார்ந்தது அபூர்வ நிகழ்ச்சி.

அங்கே அவர் கண்டது என்ன? இன்றைய பெரிய நிறுவனங்களிலே எல்லாரையும் அரவணைக்கும் பணியிடம் என்றும், தொழிலாளியின் வசதிக்கேற்ப வளைந்துகொடுக்கும் வேலை முறை என்றும் பேசப்படுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் இலண்டனிலே பங்குதாரரும், கொழும்பிலே முகவர் நிலையமும், மலையிலே துரையுமாக நடந்த அன்றைய தேயிலைக் கம்பெனிகள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் குடும்பம் முழுவதையும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. அவ்வளவில் அவை எல்லாரையும் உள்ளடக்கியவையே! உள்ளடக்கியபின் வெளியே விடவில்லை என்பதுதான் சிக்கல்.

விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்திலே எல்லாரும் நிற்க வேண்டும். பிந்தி வந்தவளுக்கு அன்று பேர் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பச்சைக் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுவிட்டு மலையேற வேண்டும். துரைக்குக் கீழ்க் கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று படிகள் நீண்டன. தொழிலாளியை ஊரிலிருந்து அழைத்து வந்தவன் பெரிய கங்காணி. கடன் கொடுத்தவனும் அவனே. வேறு தோட்டம் போக விரும்பியவனுக்கு அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு வழங்கப்படும். அந்தக் கடனைப் புதிய தோட்டத்தார் தீர்த்தால் ஆள் கைமாறும். மனிதன் நடந்து போகிறான் என்று தோன்றும். உண்மையில் போவது துண்டு. 1865ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது கடனாளி வழக்கன்று, சிறைக்குரிய குற்றம்.

துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே வேளையில்தான் ஐயரும் கொழும்பிலே நிலையாகக் குடியேறிப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1921இல் தொடங்கிய தேசநேசன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். அதன் பக்கங்களிலே தோட்டத்துச் செய்திகள் துரைமாரின் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் வெளிவந்தன. அதுவரை மூடிய மலைக்குள் நடந்தவை அச்சேறிவிட்டன. அடிபட்டவனுக்குக் கிடைத்த முதல் நீதி, அடித்தவனின் பெயர் அச்சில் வந்ததுதான் என்று சொல்வதில் மிகையில்லை.

கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் அவர் உபதலைவராக இருந்தார். சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது. 1925இல் சட்டநிரூபண சபையின் இந்தியப் பிரதிநிதி ஒருவர் இறக்க, இடைத்தேர்தலில் ஐயர் வென்றார். 1928இல் குணசிங்காவுடன் பிரிவு நேர்ந்தது. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் குணசிங்காவிடம் ஓங்கத் தொடங்கியது ஒரு காரணம். இருவரும் ஓர் உறையில் இருக்கக்கூடிய வாள்கள் அல்லர் என்பது மற்றொரு காரணம். ஐயரிடம் பொறுமை குறைவு. எழுதுகோலைச் சவுக்காய்ச் சுழற்றும் பழக்கம் அவருக்கு நண்பர்களைவிடப் பகைவரையே மிகுதியாகத் தேடித் தந்தது.

அவர் சபையில் இருந்த காலத்தில், 1927இல், இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறிற்று. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தல் இதன் பின்னணியில் இருந்தது. அவ்வரசாங்கத்தின் ஏசண்டு ஒருவர் 1923 முதல் கண்டியிலே அலுவலகம் அமைத்துத் தோட்டங்களைப் பார்வையிட்டு வந்தார். 1854இல் தோன்றிய தோட்டத் துரைமார் சங்கத்தின் தலைமையகமும் கண்டியிலேயே. பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு அமர்த்துவது அச்சட்டத்தினால் விலக்கப்பட்டது. நாள் வேலைக்கு ஒன்பது மணி நேரம் என்ற எல்லை வந்தது. 1929இல் கூலி வரையறுக்கப்பட்டபோது குண்டசாலையை உள்ளிட்ட நடுமலைநாட்டிலே ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், சிறுவர்க்கு 31 சதம் என்று ஏற்பட்டது. உயர்ந்த மலைநாட்டிலே முறையே 54, 43, 32 சதம். தேயிலையின் உயிர் கொழுந்து. கொழுந்து எடுக்கும் விரல்கள் பெண்ணுடையவை. கூலிப் பட்டியலில் அவளுக்கு 11 சதம் குறைவு. உலகச் சந்தை விழுந்தபின் 1930களின் தொடக்கத்தில் இந்தச் சிறு தொகையும் குறைக்கப்பட்டது.

ஐயருக்கு இக்கட்டத்தில் வாய்த்த பெருந்துணை அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார். தேசபக்தனின் ஆசிரியப் பணியிலே பங்கெடுத்தவர் அவர். அவருடைய பெரும்பணி மேடையிலே நிகழ்ந்தது. எழுத்தறியாத ஒரு சமூகத்திடம் பத்திரிகை எவ்வளவு தூரம் செல்லும்? ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கலாம், அதற்குமேல் இயலாது. பாட்டு அப்படியன்று. அம்மையார் பாரதியின் பாடல்களைப் பாடினார். இலங்கையிலே இந்தியர் படும் பாட்டைத் தாமே பாடல்களாக எழுதி அச்சிட்டுப் பரப்பினார். அந்தணக் குலத்துப் பெண்மணி ஒருத்தி, தீண்டத்தகாதோர் என ஊரிலே ஒதுக்கப்பட்டோரும் கலந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே நின்று பாடுவது, 1930களிலே எத்துணைப் பெரிய செய்தி என்பதை அக்காலத் தமிழகத்தை அறிந்தோர் உணர்வர். தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் இவ்வம்மையாருக்கு ஒரு வரியோடு விடை கொடுத்துவிடுகின்றனர். அது போதாது.

1931 சனவரியில் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியது. மலைநாட்டுத் தொழிலாளர்க்கெனத் தோன்றிய முதற் சங்கம் இது. சங்கம் வைப்பது எளிது போலத் தோன்றும். தோட்டத்திலே அது எத்தகைய காரியம் என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலாளி வாழும் லயம் கம்பெனியின் சொத்து. நடக்கும் பாதை கம்பெனியின் சொத்து. உண்ணும் அரிசி தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து வருவது. வேலை போயிற்றென்றால் அன்றே வீடும் போயிற்று. கூட்டம் கூட ஓரிடம் வேண்டுமென்றால் தோட்டத்து எல்லையைத் தாண்டி நகரத்துக்கு வர வேண்டும். அட்டன் சங்கத்தின் பிறப்பிடமானதற்கு அதுவே காரணம். உலகப் பொருளாதார மந்தமும் துரைமாரின் பகைமையும் ஒருசேர வந்தமையால் சங்கம் நெடுநாள் வலிமையோடு நிற்கவில்லை. ஆயினும் சந்தாச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்த தொழிலாளி, பெரட்டுக் களத்திலே முன்போல் குனிந்து நிற்கவில்லை.

அதே ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்தியத் தொழிலாளர்க்கு மட்டும் நிரந்தர வாசம் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அந்நிபந்தனைகளையும் கடந்து வாக்குரிமை பெற்றோரின் ஆதரவினால் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து ஐயர் அரசாங்க சபைக்குச் சென்றார். 1947 வரை அங்கே இருந்தார். தொழிற் சட்டங்களைத் தொழிலாளர்க்கு விளக்கும் நூலொன்றைத் தமிழிலே எழுதினார். ஆங்கிலத்தில் இருக்கும் உரிமை துரையின் அலமாரியில் இருக்கும் உரிமையே என்பதை நன்கு அறிந்தவர் அவர். நீ மயங்குவதேன், வெற்றியுனதே என்ற கட்டுரை நூல்களும், இராமசாமி சேர்வையின் சரிதம் என்ற நாடகமும் அவர் எழுதியவை. இலக்கிய நயம் தேடுவோர்க்கு அவை முழு விருந்தாகா; மலையக உரைநடை எங்கே தொடங்கிற்று என்று தேடுவோர் அவற்றைத் தாண்டிச் செல்ல இயலாது.

மூடிய தோட்டக் கதவு உள்ளிருந்தே ஒருமுறை அசைந்ததும் இக்காலத்திலேதான். கண்டிக்கு வடகிழக்கே மடுல்கலையில், ரெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் பேசியதற்காக வேலை இழந்தார். சமசமாசக் கட்சியின் மேடைகளில் ஏறினார். 1937 ஏப்ரலில் அவரை நாடுகடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். அவர் தலைமறைவாகி, பின்பு கொழும்புக் காலிமுகத் திடலில் மக்கள் முன் தோன்றினார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. துரைமாரின் வரிசையிலிருந்தே ஒருவன் மாறி நின்றது நாட்டையே உலுக்கிற்று. இருபது ஆண்டுகளுக்குமுன் புடைவை மூட்டையோடு நுழைந்தவரின் வழி எவ்வளவு தனி வழியாய் இருந்தது என்பது இதனை நோக்கும்போது புலனாகும்.

1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியர் காங்கிரசு பிறந்தது. அடுத்த ஆண்டே அதன் தொழிற்சங்கம் தோட்டங்களிலே பரவியது. புதிய தலைவர்கள், புதிய கொடி, புதிய வேகம். ஐயர் உழுத நிலத்தில் பிறர் விதைத்தனர். தனியாளாக நின்று பழகியவர்க்கு இயக்கத்தோடு இயைந்து நடக்க வரவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது, ஐயர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆந் தேதி காலமானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1988இல், சாரல்நாடன் அவர்கள் தேசபக்தன் கோ. நடேசய்யர் என்ற நூலை எழுதியிராவிடின் அவர் வாழ்வு பழம் பத்திரிகைகளின் மடிப்புகளிலேயே மக்கியிருக்கும்.

அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காக வாக்குக் கேட்டாரோ அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின; 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. 1929இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே எழுதப்பட்ட நாட்கூலி வேற்றுமை சட்டப் பட்டியலிலிருந்து நீங்கியது 1984இல்தான். அவ்வாண்டு கூலி உயர்ந்தபோது, கொழுந்து எடுத்த பெண்ணின் பேருக்கும் கவ்வாத்து வெட்டிய ஆணின் பேருக்கும் முதன்முறையாக ஒரே தொகை விழுந்தது.