ராதா கோவிந்த சந்திரர்: பரீட்சையில் தவறிய வானியலாளர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கைச் சரிதம் தரும்படி மலர்க்குழுவினர் எங்கள் வகுப்பினரிடம் கேட்டபோது, பாரதியாரையும் மேரி கியூரி அம்மையாரையும் மற்ற வகுப்பினர் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாங்கள் தேர்ந்துகொண்டவர் வங்காளத்தின் ராதா கோவிந்த சந்திரர். வானத்தைப் பார்ப்பவர்களிடையே உலகெங்கும் அறியப்பட்ட பெயர். றொசல்லயில் அவ்வளவாக அறியப்படாத பெயர்.

அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இம்மலரின் ஏனைய பக்கங்களில் டாக்டர்களான, ஆசிரியைகளான, அதிபர்களான நம் சகோதரிகளின் பெயர்களைப் பார்ப்பீர்கள். பெருமைதான். ஆனால் எங்கள் வகுப்பில் சாதாரண தரம் சித்தியடைந்தவர்களைவிடத் தவறியவர்களே அதிகம். அவர்களில் சிலர் கொழும்பில் கார்மெண்ட்ஸுக்குப் போனார்கள், சிலர் குவைத்துக்குப் போனார்கள், சிலர் அடுத்த மாதமே கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்றார்கள். சங்கக் கூட்டத்துக்கு வரச்சொன்னால், பாஸ் பண்ணாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தச் சரிதத்தை அவர்களை நினைத்துக்கொண்டே எழுதினோம்.

சந்திரர் 1878ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷில் உள்ள ஜெசோர் நகரை அடுத்த பாக்சார் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு வைத்தியரிடம் உதவியாளர். நட்சத்திரங்களின் பெயர்களைச் சிறுவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பாட்டி என்பார்கள். ஆறாம் வகுப்பில் வாசிப்புப் புத்தகத்தில், பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி அட்சய குமார் தத்தர் எழுதிய கட்டுரை ஒன்று இருந்தது. அதைப் படித்த நாள் முதல் பையனுக்குப் பாடப்புத்தகத்தில் மனம் செல்லவில்லை. ஜெசோர் ஜில்லாப் பாடசாலையில் படித்துப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையை மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் தவறினார்.

பிறகு கச்சேரித் திறைசேரியில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. வருகின்ற நாணயங்களை எண்ணி, நல்லதா கள்ளமா என்று சோதித்து வாங்கும் வேலை. ஓய்வு பெறும்வரை திறைசேரிதான். பகலெல்லாம் காசு எண்ணியவர், இரவில் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்தார்.

வானத்தை ஒழுங்காக வாசிக்கக் கற்பித்தவர் அவ்வூர் வழக்கறிஞர் காளிநாத் முகர்ஜி. அவர் நட்சத்திர வரைபடங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். உடனிருந்து உதவியே சந்திரர் விண்மீன்களைத் தனித்தனியாக அடையாளம் காணப் பழகினார். 1910இல் ஹேலியின் வால்வெள்ளி வந்தபோது கையில் இருந்தது ஒரு சாதாரண இருகண் தொலைகாட்டி மட்டுமே. அதைக்கொண்டு நாள்தோறும் பார்த்துக் குறிப்பெடுத்து வங்காளச் சஞ்சிகைக்கு எழுதினார். வாசித்த சாந்திநிகேதன் ஆசிரியர் ஜகதானந்த ராய், நல்ல தொலைகாட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி ஊக்கப்படுத்தினார். 1912இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைகாட்டி வந்து சேர்ந்தது. திறைசேரிச் சம்பளக்காரர் ஒருவர் அந்தப் பணத்தைச் சேர்க்க என்ன பாடுபட்டிருப்பார் என்பது, மாதச் சம்பளத்தில் கடைக்கடனைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்த்த வீடுகளில் வளர்ந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை.

1918ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி இரவு, திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், தம்மிடமிருந்த எந்த வரைபடத்திலும் இல்லாத பிரகாசமான விண்மீன் ஒன்றைக் கண்டார். அது மங்கலாகக் கிடந்த ஒரு விண்மீன் திடீரென்று வெடித்துப் பொங்கும் நோவா. சில நாட்களில் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களுக்குச் சமமாக எரிந்து, பின் படிப்படியாக மங்கியது. 1604க்குப் பிறகு இவ்வளவு ஒளியுடன் ஒரு புது விண்மீன் தோன்றியதில்லை. அதே நாட்களில் உலகின் பல மூலைகளிலும் பலர் அதைக் கண்டார்கள். சந்திரர் தாம் கண்டவற்றை அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்துக்கு எழுதி அனுப்பினார். நிலையத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் அதை அலட்சியம் செய்யவில்லை. மாறொளி விண்மீன்களைத் தொடர்ந்து அவதானிக்கும்படி கேட்டு, புத்தகங்களும் வரைபடங்களும் அனுப்பிவைத்தார்.

மாறொளி விண்மீன் என்பது ஒளி கூடிக் குறையும் விண்மீன். மீரா என்பது சுமார் 332 நாட்களில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலையிலிருந்து மறையும் நிலைக்குப் போய்த் திரும்பி வரும். அன்னம் மண்டலத்திலுள்ள ஒன்று வாரக்கணக்கில் மங்கிக் கிடந்துவிட்டு, ஒரே நாளில் பொங்கியெழும். இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் இரவுக்கு இரவு பார்க்க விஞ்ஞானிகள் போதாது. அதனால் 1911இல், வில்லியம் டைலர் ஓல்கொட் என்ற வழக்கறிஞரின் முயற்சியால், சம்பளம் வாங்காமல் பார்த்து எழுதுகிறவர்களின் அமெரிக்கச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த மிகப் பழைய ஆசிய உறுப்பினர்களில் சந்திரரும் ஒருவர்.

பார்க்கும் முறை எளிது. ஒளி மாறாத அயல் விண்மீன்களின் ஒளித்தரம் வரைபடத்தில் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 7.6 உள்ளதற்கும் 8.0 உள்ளதற்கும் சரி நடுவில் நம் விண்மீன் தெரிந்தால், 7.8 என்று எழுத வேண்டும். எண் கூடக்கூட ஒளி குறைவு. அந்த வரைபடங்களில் தசமப் புள்ளி போடுவதில்லை. 76, 80 என்றே எழுதுவார்கள். புள்ளியை யாராவது விண்மீன் என்று நினைத்துவிடக்கூடும் அல்லவா! நாளையும் மாதத்தால் எழுதாமல், கிறிஸ்துவுக்கு முன் 4713ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து எண்ணிவரும் ஜூலியன் நாள் எண்ணால் எழுதுவார்கள். 2000 ஜனவரி முதலாம் திகதி நண்பகல் 2451545. இந்த நாள் கிறீனிச் நண்பகலில் தொடங்கும். அப்போது ஜெசோரில் ஏறக்குறைய மாலை ஆறு மணி. ஊரார் விளக்கேற்றும் வேளையில் சந்திரருக்கு நாள் பிறக்கும்.

அவருடைய குறிப்புகள் அமெரிக்கர்களுக்கு ஏன் தேவைப்பட்டன? அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு. அமெரிக்காவில் சூரியன் எழுந்த பிறகு பொங்கிய விண்மீனை, ஆசியாவில் யாரேனும் பார்த்திருந்தால்தான் அந்த ஓட்டை அடைபடும். ஜெசோர்க் குறிப்புகள் ஒவ்வொரு மாதமும் அந்த ஓட்டைகளை அடைத்தன.

ஆனால் மூன்று அங்குலத் தொலைகாட்டியில், ஒரு விண்மீன் மங்கிப்போகும் காலத்தில் கண்ணுக்கு எட்டாது. சங்கத்தார் இதை உணர்ந்து 1926இல், தங்கள் உறுப்பினர் சார்ள்ஸ் எல்மருக்குச் சொந்தமான ஆறு அங்குலத் தொலைகாட்டியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். விட்டம் இரட்டித்தால் சேரும் ஒளி நான்கு மடங்கு. எல்மரும் தொழிலால் விஞ்ஞானி அல்லர், நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். முகம் பார்த்திராத ஒருவருக்கு, வெறும் கடிதங்களையும் எண்களையும் நம்பி, அந்தக் காலத்தில் பாதி உலகம் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். 1928இல் பிரெஞ்சு அரசாங்கமும் சந்திரருக்குப் பட்டம் அளித்துக் கௌரவித்தது.

1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய அவதானிப்புகள் 37,215. வகுத்துப் பார்த்தோம்: வருடத்துக்கு ஆயிரத்துக்குமேல், நாளுக்கு ஏறக்குறைய மூன்று. மழைநாட்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வங்காளத்து மழைக்காலம் நம் வட்டவளை மழைக்காலத்துக்குச் சளைத்ததல்ல. வைகாசி பிறந்துவிட்டால் றொசல்லயில் பக்கத்து லயமே பனிமூட்டத்தில் தெரியாது, நட்சத்திரம் எங்கே தெரியும்? மாதக்கணக்கில் வானம் மூடியிருந்தும் இந்த எண்ணிக்கை வரவேண்டுமென்றால், தெளிந்த இரவுகளில் அவர் தூங்கியிருக்க மாட்டார். அடுத்த நாள் காலையில் கச்சேரியும் போகவேண்டும். வீட்டார் என்ன நினைத்தார்களோ! எங்களில் ஒருத்தி, அவருடைய மனைவியின் சரிதத்தையும் யாராவது எழுத வேண்டும் என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

பெண்களைப் பற்றி இன்னொன்று. சந்திரரின் குறிப்புகள் போய்ச் சேர்ந்த அதே ஹாவாட்டில், குறைந்த கூலிக்குக் கண்ணாடித் தட்டுப் படங்களில் விண்மீன்களை அளந்துகொண்டிருந்தார் ஹென்றியெட்டா லெவிற் அம்மையார். சில மாறொளி விண்மீன்களின் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் தொடர்பு உண்டென்று 1912இல் காட்டியவர் அவரே. அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னர் எட்வின் ஹபிள் அண்டங்களின் தூரத்தை அளந்தார்.

1947இல் நாடு பிரிந்தது. ஜெசோர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சந்திரர் எல்லை கடந்து கல்கத்தாவுக்கு அருகேயுள்ள பராசத்தில் குடியேறினார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாருக்குப் போன ரயிலில் எத்தனை பேரை அழுதுகொண்டே ஏற்றிவிட்டோம்! பிறந்த மண்ணை முதுமையில் விட்டுப்போவது எப்படி என்பது இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்குத் தெரியும். அந்த வயதிலும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை. 76ஆம் வயதில்தான் ஓய்ந்தார்.

தாம் ஓய்ந்தபின் தொலைகாட்டி சும்மா கிடக்கலாகாது. அது அப்போது நைனிடால் வானாய்வு நிலையத்திலிருந்த வைணு பாப்புவிடம் போய்ச் சேர்ந்தது. பாப்பு சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத்தில் வளர்ந்த இளவயதில் அவரும் மாறொளி விண்மீன்களைப் பார்த்துப் பழகியவர்தான். பின்னர் அவர் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தை உருவாக்கியபோது, அந்த ஆறு அங்குலத் தொலைகாட்டியும் அங்கே வந்தது. சந்திரர் 1975 ஏப்ரல் 3ஆம் திகதி, 96ஆம் வயதில் காலமானார்.

தொலைகாட்டி இல்லாமலும் இதைச் செய்யலாம். தை, மாசி மாதங்களில் றொசல்லயில் வானம் திறந்திருக்கும்போது, வீட்டு வாசலில் நின்று திருவாதிரையைப் பாருங்கள். அதுவும் மாறொளி விண்மீன். 2020 தொடக்கத்தில் அது என்றுமில்லாதபடி மங்கியபோது, உலகெங்கும் வெறுங்கண்ணால் பார்த்து எழுதியவர்களின் குறிப்புகள் விஞ்ஞானிகளுக்குப் பயன்பட்டன. பக்கத்திலிருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டு, எது பிரகாசம் என்று ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வாருங்கள்.

வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் குடியேறியிருக்கும் நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். போகிறவர்கள் எல்மர் அனுப்பிய அந்தத் தொலைகாட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பார்த்துவிட்டு, சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எங்கள் வகுப்பினர் படித்துக் காட்டக் காத்திருக்கிறோம்.